கூரைப் பாலத்தில் நாற்பது ஆடுகள்

நாற்பது ஆடுகளும் கூரைப் பாலத்துக்குள் புகுந்து, நிழல் கண்ட சுகத்தில் காலை மடக்கிப் படுத்துவிட்டன.

"எழுப்பு எலோய், மேடம் பாக்கறாங்க," என்றார் பாலத்தின் காவலர் வெர்லன்.

"வயிறு நிறைஞ்சு படுத்தா எழும்பாதுங்க. நானும் அப்படித்தான்," என்றான் மேய்ப்பன் எலோய்.

மேடம் என்பது டெனிஸ் ஓகாவா, அரசுப் பொறியாளர். நூற்றறுபது வயதான மரப்பாலம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்க்க, உத்தரத்தில் அதிர்வுமானியைக் கட்டியிருந்தார். தாங்காது என்று அவர் எழுதிவிட்டால், பாலத்தைப் பலகை பலகையாகப் பிரித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வெர்லனுக்குக் கல்யாணம் நடந்ததே அந்தப் பாலத்துக்குள்தான்.

ஆடுகளை வரவழைத்ததும் அவரேதான். காட்டுத்தீ வந்தால் பாலம் தப்ப, சுற்றியிருக்கும் காய்ந்த புதரை அகற்றச் சொல்லியிருந்தார்கள். மெஷின் வைத்து வெட்டினால் பொறி பறந்து அதுவே கொள்ளி வைத்துவிடும். ஆட்டின் வாயில் பொறி பறக்காது என்பது அவர் யோசனை.

"மழைன்னா ஆட்டுக்கு ஆகாதுல்ல?" என்றபடி வெர்லன், தீயணைக்கப் பாலத்தில் பொருத்தியிருந்த தண்ணீர்த் தெளிப்பானைத் திறந்துவிட்டார்.

ஆடுகள் ஓடின, எதிர்க்கரை ஆப்பிள் தோட்டத்துக்கு. நடுப்பாலத்தில் நின்ற டெனிஸ் தொப்பலாக நனைந்தார்.

"பாலத்துக்குள்ள குளிக்கறது இதான் முதல் தடவை," என்றார் டெனிஸ், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஆடு பிடிக்கும் வேலையை எலோய் தலையில் கட்டிவிட்டு, வெர்லன் அவரைத் தன் வண்டியில் ஏற்றினார். குண்டும் குழியுமான பாதையில் வீட்டுக்குப் போய், மனைவியின் சட்டையை வாங்கி மாற்றக் கொடுத்து, அதே பாதையில் திரும்பக் கூட்டிவந்தார்.

வந்ததும் டெனிஸ் அதிர்வுமானியின் திரையைப் பார்த்தார். பதினொன்று இருபதுக்குக் கோடு உச்சிக்கு எகிறியிருந்தது. பாலம் முழுக்க ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"விரிசல் ஒண்ணும் விழல, சரி. ஆனா நாப்பது ஆடு ஓடினதுக்கே இந்த ஆட்டம்னா, நிலநடுக்கம் வந்தா என்ன கதி?"

"தப்பு என்னோடது மேடம். என்னை எழுதிக்குங்க, பாலத்தை விட்ருங்க," என்றார் வெர்லன்.

டெனிஸ் வருத்தத்தோடுதான் பேனாவைத் திறந்தார்.

வேர்த்து விறுவிறுத்து வந்த எலோய் திரையை எட்டிப் பார்த்தான்.

"பதினொண்ணு இருபதா? அப்ப ஆடு பூராவையும் பிடிச்சு என் லாரியில ஏத்திட்டேனுங்களே. லாரி குலுங்கினதுக்கு அதுங்களத்தான் திட்டினேன், சர்ச் மணி தானா அடிச்சப்புறந்தான் நிலநடுக்கம்னே தெரிஞ்சுது."