நான்காவது துணி

என் மாமனார் கடைசிவரை கடலைப் பார்க்கவில்லை. அதற்கு நான்தான் காரணம். (இதை மறுத்துப் பேச எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை. நானும் மறுக்கவில்லை.)

ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்ந்த கையோடு, என்னைவிட வயதில் மூத்த ஒரு டீசல் வேனை வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு வீட்டையே வைத்தார். அதில் அத்தையைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போக ஆசை. இருவரும் கடலைப் பார்த்ததே இல்லை. அவருக்கோ நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். "போறதுன்னா சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, எஞ்சினுக்குக் காற்று இழுத்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு விரிசல் விட்டது. பெரம்பலூர் மெக்கானிக்கிடம் பழையது ஒன்று கிடைத்தது. மாட்ட நாலு நாள் ஆகும் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன் அல்லவா! (படித்து முடித்தபின் நான் தொட்ட ஒரே இயந்திரம் ஜெராக்ஸ் மிஷின்.)

"நானே மாட்டிடறேன் மாமா."

கிளம்பும் நாள் காலையில் விரிசல் விட்டதைக் கழற்றினேன். எஞ்சினில் நாலு ஓட்டைகள் தெரிந்தன. சிமெண்ட் லாரிகள் கிளப்பும் தூசி உள்ளே போய்விடக் கூடாதே என்று மாமாவின் துண்டை நாலாகக் கிழித்து அடைத்தேன். மாட்டும் நேரத்தில் மூன்றை உருவினேன். அப்போது பார்த்து அத்தை டீயோடு வந்தார்.

"எங்க மாப்ள கை வச்சா வண்டி பறக்கும் பாருங்க!"

அந்தப் பூரிப்பிலேயே டீயைக் குடித்துவிட்டு, மேனிஃபோல்டை வைத்து நட்டுகளை முறுக்கிவிட்டேன்.

"துணியெல்லாம் எடுத்துட்டீங்களா மாப்ள?" என்றார் மாமா.

"என்ன மாமா, என்னையே கேக்குறீங்க?"

அவர் மறுபடி கேட்கவில்லை. மாப்பிள்ளையை இரண்டு முறை கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைப்பவர்.

அத்தை புதுப்புடவையோடு உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இருமியது, கரும்புகை கக்கியது, உள்ளே ஏதோ இடித்தது, நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பிரித்தார். வளைந்த வால்வைச் சுற்றித் துண்டின் நீலக் கரை.

"இந்த எஞ்சினுக்கு இனிமே சாமான் கெடைக்காதுங்க."

கார் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினேன். "என் வண்டியில போவணும்னு நெனச்சேன். வுடுங்க மாப்ள" என்றார். அதன்பின் ஓடாத அந்த வேனுக்குள்தான் படுத்துக்கொண்டார். நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம், "துணிய எடுத்தாச்சா மாப்ள?" என்று கேட்டு, இருமல் வரும்வரை சிரிப்பார்.

இரண்டு மாதத்தில் போய்விட்டார். ஐஸ் பெட்டிக்குள் கிடத்தி மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இதையாவது எடுத்து வுடுங்களேன். அவரு மூச்சு வுடட்டும்."

அழுதுகொண்டிருந்த என் மைத்துனன் சிரித்துவிட்டான். அத்தையும் சிரித்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. என்னால்தான் முடியவில்லை.

இப்போது அந்தக் கேள்வியை அத்தை கேட்கிறார், நான் ஸ்கூட்டரை எடுக்கும் ஒவ்வொரு முறையும். (ஸ்கூட்டரில் துணி ஏது? ஆனாலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.)