சிவப்புக் காருக்கு ஒரு கறுப்புக் குழாய்

ஒரு நாட்டின் மானம் அதன் பழைய வாகனங்களின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ ஒருவருக்குத் தோன்றியது. தோன்றியவர் பெரிய பதவியில் இருந்தபடியால் அது கொள்கையாயிற்று. கொள்கைக்கு ஓர் அலுவலகம் வேண்டுமே என்று 'தொன்மை வாகனத் தூய்மைப் பேணகம்' பிறந்தது. மாடிப்படி ஏறியதும் இடதுபக்கம் ஓர் அறை, முனகும் மின்விசிறி, பொதுமக்கள் உட்காரக் கால் ஆடும் பெஞ்சு, தலைமை எழுத்தர், அதிகாரி ஆகியவை அதற்கு ஒதுக்கப்பட்டன.

அந்த அதிகாரியை ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'ஒரிஜினல்' என்பார்கள். மனிதர் அப்படி. பழைய காரில் ஒரு திருகாணி மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால், "வண்டிக்கு என்ன வயசு, ஆணிக்கு என்ன வயசு?" என்று கேட்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே சமாதி. 'மாற்றப்படும் உதிரிப்பொருள் மூலப்பொருளின் நிறம், குணம், வயது ஆகிய மூன்றிலும் மாறாதிருத்தல் வேண்டும்' என்ற விதியை எழுதியவரே அவர்தான். எழுதி முடித்த அன்று வீட்டில் மனைவியிடம் பெருமையாக வாசித்துக் காட்டினார்.

"அப்ப எதுக்கு மாத்தணும்?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

இவளுக்கு நிர்வாகம் புரியாது என்று அவர் விட்டுவிட்டார்.

அவரிடமும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சிவப்பு நிறம், மேலே கூரை கிடையாது, இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தக் காரில்தான் கொண்டுபோய் விட்டார். "நீ ரிட்டையர் ஆகுற அன்னைக்கும் இதுலதான் உன்னைக் கூட்டிட்டு வருவேன்" என்று வாக்கும் கொடுத்தார். இடைப்பட்ட காலமெல்லாம் அவள் பஸ்ஸில்தான் போனாள், பஸ்ஸில்தான் வந்தாள். தினமும் ஓட்டினால் கார் தேய்ந்துவிடும் அல்லவா? அவளோ அந்தக் கடைசி நாளை மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். அது நெருங்கியதும் கடைக்குப் போய்த் தலையில் கட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் ஸ்கார்ஃப் வாங்கினாள். கூரையில்லாத கார், காற்றில் முடி பறக்கும்.

அந்த வாரம் பார்த்துத்தான் ரேடியேட்டரின் மேல் குழாய் புஸ்ஸென்று வெடித்தது.

"நீலம் போட்டுடலாம் சார்" என்றார் மெக்கானிக். "சிலிக்கான் ஹோஸ். பளபளன்னு இருக்கும்."

"கறுப்பு ரப்பர் இல்லையா?"

"இருக்கு. ஆனா கறுப்பு இப்ப யாரு சார் போடுறா? போன ஞாயித்துக்கிழமை பழைய கார்க்காரங்க எல்லாரும் கூடினாங்க. அத்தனை பேரும் பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தர் நீலம், ஒருத்தர் ஆரஞ்சு, பல் டாக்டர் ஒருத்தர் சட்டைக்கு மேட்சா பச்சை. அந்த இடத்துல உங்க பானெட்டை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திறப்பீங்க?"

"ஓட்டும்போது பானெட் மூடித்தானே இருக்கும்?"

"ஓட்டும்போதா?" மெக்கானிக் நிஜமாகவே திகைத்துப்போனார். "அந்தக் காரையெல்லாம் யாரு சார் ஓட்டுறா?"

அதிகாரி வீட்டுக்கு வந்து நிலைமையை விளக்கினார். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"கறுப்புல தண்ணி போகுமா?"

"போகும்."

"அப்புறம் என்னங்க? அதையே போட்டுட்டு வாங்க."

"அது இன்னைக்குச் செஞ்ச குழாய். காருக்கு அது பேத்தி வயசு! விதி இடம் கொடுக்காது."

"விதியை எழுதினது நீங்கதானே?"

"அதனாலதான் நான் அதை மீற முடியாது" என்றார் அவர்.

தலைமை எழுத்தரும் தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிப் பார்த்தார். "சார், நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுக்கிட்டா முடிஞ்சுது."

"எனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? ஊரார் எப்படி வர்றாங்களோ அப்படியே நானும் வர்றேன்."

சொன்னபடியே மறுநாள் பொதுமக்கள் நேரத்தில், கையில் விண்ணப்பத்துடன், கால் ஆடும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"உள்ள வாங்க சார்."

"நான் இப்ப சார் இல்ல. மனுதாரர்."

"அப்படின்னா உட்காருங்க. அதிகாரி வந்ததும் கூப்பிடுறேன்."

அதிகாரி எப்படி வருவார்? பெஞ்சில் அல்லவா இருக்கிறார்! பெஞ்சு ஆடுவது முதன்முறையாக அவர் கவனத்துக்கு வந்தது. சாப்பாட்டு வேளையில் எழுத்தர் வெளியே வந்து, "அதிகாரி இன்னைக்கு வரல. நாளைக்கு வாங்க" என்றார். அதிகாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஜனங்க காத்துக் கிடக்குறாங்க, அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார்.

மறுநாள் நாற்காலியில் கம்பீரமாக அமர்ந்து மனுதாரரைக் கூப்பிடச் சொன்னார். எழுத்தர் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். பெஞ்சு காலி.

"பாத்தீங்களா? வேலைவெட்டியை விட்டுட்டு நாம உட்கார்ந்திருக்கோம். அவங்களுக்கே அக்கறை இல்ல" என்று சொல்லி, 'மனுதாரர் ஆஜராகவில்லை' என்று எழுதினார்.

"ஆமாங்க சார்" என்றார் எழுத்தர். பல அதிகாரிகளைக் கண்டவர் அவர். ஆமாம் என்பதற்கு மேல் பேசினால் உடம்புக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியில் மனுதாரரின் பிரதிநிதியாக எழுத்தரே ஆஜராவது என்று முடிவாயிற்று.

"எங்க மனுதாரர் வெள்ளிக்கிழமை சம்சாரத்தைக் கூட்டிட்டு வரணுங்க. ரொம்ப வருஷத்து வாக்கு."

"சம்சாரம் இந்த அலுவலகத்தோட எல்லைக்குள்ள வரமாட்டாங்க. குழாயைப் பத்திப் பேசுங்க."

"கறுப்பு ரப்பருங்க. அளவு, வளைவு எல்லாம் அச்சு அசலா அப்படியே இருக்கு."

"வயசு?"

"புதுசுங்க."

"நிராகரிக்கப்படுகிறது."

கையெழுத்துப் போடும்போது அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. சொந்த வயிற்றில் அடிக்கும்போதுகூடக் கை நடுங்கவில்லையே என்ற பெருமிதம்.

இருந்தாலும் வாக்கு வாக்குதான். பழைய இரும்புக் கிடங்குகளில் அலைந்து, தன் காரின் வயதே ஆன ஒரு செத்த காரைக் கண்டுபிடித்து, அதன் குழாயைக் கழற்றி வந்தார். தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும் போலிருந்தது. மாட்டிக் கொடுத்த மெக்கானிக், "இதுல தண்ணி நிக்காது சார். நீலமா இருந்தா..." என்று இழுத்தார். அதிகாரி அதற்கும் வழி கண்டார். மறுநாளே அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: 'மேற்படி தொன்மைக் குழாயினுள் நீர் செலுத்தி அதன் மூலத்தன்மைக்கு ஊறு விளைவித்தல் ஆகாது.'

"தண்ணி இல்லாம இன்ஜின் எப்படிங்க சார் ஓடும்?" என்றார் எழுத்தர், வாய் தவறி.

"ஓடணும்னு விதியில எங்கய்யா இருக்கு?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் லேப் ஊழியர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். நடுவில் அவள், மஞ்சள் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிவப்புக் கார் வந்தது, ஒரு லாரியின் முதுகில் ஏறி. அதிகாரி லாரியின் முன்சீட்டிலிருந்து இறங்கி, வாக்கைக் காப்பாற்றியவரின் முகத்துடன் நின்றார். எல்லாரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

"கீழ இறக்கி ஓட்டிட்டுப் போலாங்க" என்றாள் அவள் மெதுவாக.

"ஓட்டக் கூடாது. ஆனா ஒண்ணு பாத்துக்க, இந்த ஊர்லயே முழுசா ஒரிஜினலா இருக்குற கார் இதுதான்!"

அவளுக்கு அழுகை வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். லாரியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார்.

பஸ்ஸில் கூட்டம். வழக்கமாக அதில் வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டாள். காற்று அடித்தது. ஸ்கார்ஃப் படபடத்தது.

"இதுவும் காத்துதாங்க" என்றாள். கோபம் பாதி போயிருந்தது.

அவருக்கும் நெஞ்சு இளகிற்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் பாதி வழியில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, குடத்தால் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அதிகாரி சும்மா எட்டிப் பார்த்தார். ரேடியேட்டர் குழாயைச் சுற்றி சைக்கிள் டியூப், அதற்கு மேல் கட்டுக்கம்பி, கீழே எந்த வண்டியிலிருந்தோ வந்த ஒரு துண்டு நீலம்.

"இந்த பஸ்ஸுக்கு என்ன வயசு?"

"எங்கப்பா ஓட்டின வண்டி சார் இது" என்றார் டிரைவர் பெருமையாக.

"என்னங்க, வேணாம்" என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து. அவளுக்கு அந்தக் குரல் தெரியும்.

ஆனால் தன் சொந்தக் குழாய்க்கே இரக்கம் காட்டாதவர், பொதுச்சொத்தின் குழாய்க்குக் காட்டுவாரா? பஸ் தொன்மை வாகனமாக அங்கேயே அறிவிக்கப்பட்டது. தகுந்த வயதுடைய குழாய் கிடைக்கும்வரை அதை நகர்த்தத் தடை. எல்லாரும் இறக்கப்பட்டார்கள்.

"நாங்க எப்படி வீட்டுக்குப் போறது?" என்று பயணிகள் பிடித்துக்கொண்டார்கள். நல்ல சத்தம். பஸ் கிளம்பிவிடும் என்று அவள்கூட ஒரு நிமிஷம் நம்பினாள். அதற்குள் ஒருவர், தினமும் ஏறுகிற பஸ் இவ்வளவு பழையதா என்று வியந்து போன் எடுத்துப் படம் பிடித்தார். இன்னொருவர் அதன் முன்னால் போய் நின்று சிரித்தார். "கறுப்புதான் இதுக்குச் சரி" என்றார் மூன்றாமவர். "சே, நீலம் எடுப்பா இருக்கும்" என்றார் கண்டக்டர். கட்சி பிரிந்தது. தடைக்கு ஆதரவாகவும் ஒரு குரல் கேட்டது. திறந்த பானெட்டைச் சுற்றிக் கூட்டம் வட்டம் கட்டியது. நடுவில் அதிகாரி நின்று விதியை விளக்கிக்கொண்டிருந்தார், டிரைவர் உட்பட எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஸ்கார்ஃபை அவிழ்த்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒருவர்கூட நகர்ந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் நினைவிருந்தது.