சொந்த வீட்டில் குடித்தனக்காரர்

குளியலறைக் குழாய் கையோடு வந்துவிட்டது. தசரதன் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவரில் பீறிட்ட தண்ணீரை அடைத்துக்கொண்டு கத்தினார்.

"உண்ணாமல! மாடிக்குப் போயி வால்வ மூடு! சீக்கிரம்!"

உண்ணாமலை அவசரப்படவில்லை. ரசத்தை இறக்கிவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குழாய் ஆடுதுனு இங்க குடியிருந்த ஜோதியம்மா நாலு வருஷமா சொன்னாங்களே. நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"பாத்து மெதுவா திருகுங்கனு சொன்னீங்க. நீங்களும் மெதுவா திருகியிருக்கலாம்."

"அடியே, வெள்ளம் வருதுடி! யாரையாவது கூப்பிடு!"

"குடித்தனக்காரங்க யாரக் கூப்பிடுவாங்க? ஹவுஸ் ஓனரத்தான். ஆனா அந்த ஆளு போனே எடுக்க மாட்டாருனு கேள்வி."

அந்த ஆள் சாட்சாத் தசரதனேதான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டை வருஷக்கணக்காக வாடகைக்கு விட்டவர். வாடகை வாங்க மட்டும் வருவார், வாசலோடு போய்விடுவார். உள்ளே வந்தால் எதையாவது காட்டி ரிப்பேர் என்பார்களே, அந்தப் பயம். அவர் குடியிருந்ததோ அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே. ஜன்னலைத் திறந்தால் மலை.

அப்பேர்ப்பட்ட வீட்டை விட்டுவிட்டு மனிதர் இங்கே வந்து ஏன் நனைகிறார்? எல்லாம் வரிக்குப் பயந்துதான்.

மகள் கவிநிலா சென்னையில் பல் டாக்டருக்குப் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருஷத்தில் முடித்துவிடுவாள். முடித்ததும் அவளுக்கு ஒரு கிளினிக் வைத்துத் தர வேண்டும். அதற்கு இருக்கும் இரண்டு வீட்டில் ஒன்றை விற்றாக வேண்டும்.

"இந்த அடி அண்ணாமல வீட்டயே வித்துடலாங்க" என்றாள் உண்ணாமலை அப்போதே. "பௌர்ணமி வந்தா ஊரே நம்ம வாசப்படியில தூங்குது. பாத்ரூம் எங்க, பாத்ரூம் எங்கனு விடிய விடியக் கதவத் தட்டறாங்க. என்னால முடியல."

"மலையப் பாத்த வீட்ட எவனாவது விப்பானா? வெளிநாட்டுக்காரனெல்லாம் இங்க ஒரு ரூம் கெடைக்குமானு அலையறான். விக்கறதுனா வேங்கிக்கால் வீடுதான்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் மறுபேச்சுப் பேசாத முதல் நாள் அது என்பதை மனிதர் கவனித்திருக்க வேண்டும். எங்கே கவனித்தார்!

அதே வாரம் நியூ ஜெர்சியிலிருந்து அவள் தம்பி அன்பரசன் கூப்பிட்டான். உண்ணாமலை போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"மாமா, வாடகைக்கு விட்ட வீட்ட அப்படியே வித்தா லாபத்துல வரி புடிச்சுப்பாங்க. விக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நாமளே அதுல குடியிருந்துட்டா வரி ரொம்பக் கம்மி, பாதிப் பேருக்கு இல்லவே இல்ல. இங்க எங்க ஆபீஸ்ல நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க. ஆனா மாமா..."

"சாப்ட்டியா அன்பு? பசங்க எப்படி இருக்காங்க?" என்று உண்ணாமலை போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

தசரதன் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுசு முழுக்க டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்தவருக்கு, சட்டப்படியே டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றால் கசக்குமா? துள்ளினார்.

"எதுக்கும் ஒரு ஆடிட்டரக் கேட்டுடலாமா?"

"கேக்கலாம். அதுக்கு அவங்க தனியா ஃபீஸ் கேப்பாங்க" என்றாள் உண்ணாமலை.

ஆடிட்டர் யோசனை அத்தோடு செத்தது.

வேங்கிக்கால் வீட்டில் அப்போது குடியிருந்தவர் ஜோதியம்மாள். டிபன் கடை வைத்திருந்தார். செங்கம் பக்கத்தில் நிலம் விற்ற பணத்தைப் பாங்கில் போட்டுவிட்டு வாடகை வீட்டில் இருக்கும் மனுஷி.

"திடீர்னு காலி பண்ணுனா எங்க சார் போவேன்?" என்று கையைப் பிசைந்தார்.

"நம்ம வீடு பூட்டித்தானே கெடக்கப் போகுது, அங்க இருக்கட்டுமே" என்றாள் உண்ணாமலை. வாடகையும் நிற்காது. அருமையான யோசனை! ஒரு வாரத்தில் அது தன்னுடைய யோசனைதான் என்று தசரதன் நம்பவே ஆரம்பித்துவிட்டார். இந்த வீட்டுச் சாமான் அந்த வீட்டுக்கும், அந்த வீட்டுச் சாமான் இந்த வீட்டுக்கும் ஒரே லாரியில் போய் வந்தன.

அப்புறம்தான் குழாய். பிளம்பர் வந்து புதுக் குழாய் மாட்ட, சுவருக்குள் இருந்த பழைய பைப் விரிசல் விட்டது. பைப்பை மாற்றச் சுவரை உடைத்தார்கள். உடைத்த இடத்துக்குப் பழைய டைல்ஸ் கிடைக்காததால் குளியலறை முழுக்கப் புது டைல்ஸ். குளியலறை பளபளத்ததும் சமையலறை அழுது வடிந்தது. அதற்கு மேடை போட்டு, வீடு முழுக்க வெள்ளையடித்து, கொசுவலை அடித்து முடிப்பதற்குள் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

"இவ்ளோ ஓட்டையா இருந்த வீட்டுக்கா வாடகை வாங்கினோம்?" என்றார் ஒருநாள், உண்மையாகவே வெட்கப்பட்டு.

"வருஷா வருஷம் ஏத்தி வேற வாங்கினீங்க."

அடுத்தது ஆதாரம். குடியிருந்ததற்கு நாளைக்கு ஆதாரம் கேட்டால்? செக்கிங் இன்ஸ்பெக்டர் புத்தி சும்மா இருக்குமா? ரேஷன் கார்டு, கேஸ், பாங்கு எல்லாவற்றிலும் முகவரியை மாற்றினார். அதுவும் போதாதென்று, நாலு பேர் சாட்சி சொல்லட்டுமே என்று தெருவின் நலச் சங்கத்தில் சேர்ந்தார். ரிட்டயர் ஆன ஆள், வீட்டிலேயே இருக்கிறார், கணக்கில் கறார். விடுவார்களா? அடுத்த கூட்டத்திலேயே செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் தசரதன் வீட்டுக் கதவுதான் தட்டப்பட்டது. மூச்சுக்கு முந்நூறு தரம் திட்டிக்கொண்டே கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு நடந்தார். விளக்கு எரிந்தது. சாக்கடைக்கு மூடி வந்தது. தெருக்காரர்கள் பொன்னாடை போர்த்தினார்கள்.

"எனக்கெதுக்கு இதெல்லாம், ரெண்டு வருஷத்துல போறவன்" என்று அலுத்துக்கொண்டே பொன்னாடையை மடித்துப் பீரோவில் வைத்தார்.

இரண்டு வருஷம் முடிந்தது. மறுநாளே ஃபைலைத் தூக்கிக்கொண்டு டவுனில் சிந்துஜா என்ற ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்தார். இப்போது ஃபீஸ் கொடுத்தாலும் கட்டுப்படியாகும் அல்லவா?

சிந்துஜா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரு சார் உங்களுக்கு இதச் சொன்னது?" என்றாள்.

"என் மச்சான். நியூ ஜெர்சியில இருக்கான்."

"அப்ப நியூ ஜெர்சியில இருக்கற வீட்டுக்குச் சரி. அது அமெரிக்கா சட்டம் சார். நம்ம ஊர்ல நீங்க குடியிருந்தாலும் ஒண்ணுதான், வாடகைக்கு விட்டாலும் ஒண்ணுதான். லாபத்துல வேற வீடு வாங்கினா வரி இல்ல. கிளினிக் வெக்கறதுனா வரி கட்டணும்."

தசரதன் ஃபைலைப் புரட்டி ரிப்பேர் பில்களை எடுத்து நீட்டினார்.

"டைல்ஸ், பைப்பு, பெயின்ட்... இதையாவது கழிச்சுக்கலாமாம்மா?"

"ரிப்பேர் செலவக் கழிக்க முடியாது சார்."

"அப்ப ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வித்திருந்தா?"

"அப்பவும் கட்டணும். நீங்க எந்த வீட்ட வித்தாலும் இதே சட்டந்தான்."

வெளியே வந்தவருக்கு வேங்கிக்காலுக்குப் போக மனமில்லை. அந்த வீட்டு முகத்திலேயே இனி முழிக்கக் கூடாது! நேராக அடி அண்ணாமலைக்குப் போய், ஜோதியம்மாளைக் காலி செய்யச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. வண்டி எதுவும் விடவில்லை. சாயங்காலம் குறுக்கு வழி என்று வடக்குப் பக்கமாகக் கிரிவலப் பாதையில் நடந்தார். கிரிவலக் கூட்டம் மொத்தமும் எதிரே வந்தது.

"சாமி, எதிர்ல வராதீங்க! சுத்துறது இந்தப் பக்கம்!"

"நான் சுத்தலய்யா, என் வூட்டுக்குப் போறேன்!"

யார் காதில் விழுந்தது? இடிபட்டு, மிதிபட்டு, ஒருவர் கையில் திணித்த பொங்கலோடு வீடு போய்ச் சேர்ந்தார். வாசலில் பெஞ்சு, பெரிய பாய்லர், சுக்கு காபிக்கு நீண்ட வரிசை. படியில் கால் வைக்க இடமில்லை.

"இன்னா சார் இந்தக் கூட்டத்துல? உக்காருங்க" என்று ஜோதியம்மாள் ஒரு காபியை நீட்டினார்.

"உக்கார எங்கம்மா எடம்? ஜோதியம்மா, அடுத்த மாசம் நீங்க அங்க போயிடுங்க, நாங்க இங்கயே வந்துடறோம். அது அமெரிக்கா சட்டமாம். ரெண்டு வருஷம் வீணாப் போச்சு!"

"இந்தச் சத்தத்துல உங்களால இருக்க முடியுமா சார்?"

"ஏன் முடியாது? பொறந்ததுலேர்ந்து இங்கதானே..."

"சார், பாத்ரூம் எங்க சார்?" என்று ஒருவர் அவர் முதுகைத் தட்டினார். இன்னொருவர் அவர் கால்மேல் பையை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்தார். காபி சட்டையில் கொட்டியது.

"சே! இந்த எடத்துல மனுஷன் பேச முடியுமா? நான் மொதல்ல வூட்டுக்குப் போறேன். நிம்மதியா உக்காந்து யோசிச்சுட்டு போன் பண்றேன்."

"எந்த வூட்டுக்கு சார்?"

"வேங்கிக்காலுக்குத்தான், வேற எந்த..." என்று சொல்லவந்தவர் அப்படியே நின்றார்.

ஜோதியம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க வூட்டம்மா சொன்ன மாதிரியே ஆயிடுச்சே சார்! 'அது அமெரிக்காவுக்கு மட்டுந்தான்னு தம்பி சொல்லிட்டான், ஆனா அவரு ரெண்டு வருஷம் அங்க இருந்து பழகிட்டாருன்னா இந்த வீட்ட உங்களுக்கே வித்துடலாம்'னு எங்கிட்ட சொல்லிட்டுத்தானே அவங்க அங்க பால் காய்ச்சவே போனாங்க!"