‘பழைய குப்பை’யை எடுத்தது யார்?

கணினியில் சேமித்து வைத்திருந்த செட்டிங்கை யாரோ எடுத்திருந்தார்கள். ஒரு முறை இரு முறை அல்ல, முப்பத்தொரு முறை.

திங்கள் காலை, ‘பூட்டு’ தன் கணினித் திரையை உற்றுப் பார்த்தான். பென்சில் இழுப்பறைக்கும் பூட்டுப் போடுகிறவன் என்பதால் ஆய்வகத்தில் அவனுக்கு அந்தப் பெயர்.

எந்த அணு எதோடு ஒட்டும், எப்போது பிய்த்துக்கொள்ளும் என்று கணினியிலேயே போட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. ஒவ்வொரு கணக்குக்கும் நாற்பது எண்கள் கொடுக்க வேண்டும். சரியான நாற்பதைப் பிடிக்க அவனுக்கு ஆறு மாதம் ஆயிற்று. பிடித்ததை ‘சரியானது’ என்று பெயரிட்டுச் சேமித்தான். இனி ஒரு சொடுக்குப் போதும்.

அவன் அதைத் தொட்டது சனிக்கிழமை ஒரே ஒரு முறை. இருநூறு கணக்குகளுக்கும் அதையே போட்டு, கணக்குகளை ஓட்டும் சர்வருக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனான். வெள்ளிக்கிழமை இருநூறு விடைகளையும் இயக்குநர் முன் வைத்தால் வேலை நிரந்தரம். இடம் ஒன்றுதான். போட்டிக்குப் பக்கத்து மேசைக்காரன், மூக்குக் கண்ணாடி போட்ட ‘கண்ணாடி’யும் இருந்தான்.

“என்னண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றான் கண்ணாடி, ஆரஞ்சு உரித்தபடி.

“ஒரு மாதிரியும் இல்ல. நீ உன் வேலையப் பாரு.”

பூட்டு செட்டிங்கின் பெயரைப் ‘பழைய குப்பை’ என்று மாற்றினான். குப்பையை எவன் எடுப்பான்?

மதியத்துக்குள் ஐம்பத்திரண்டு முறை எடுத்துவிட்டார்கள்.

செவ்வாய் முழுக்கக் கண்ணாடியின் கைகளையே கவனித்தான். கண்ணாடி விசைப்பலகையைத் தொடவில்லை. எடுத்த எண்ணிக்கையோ எண்பதைத் தாண்டியது. மேசைக்கு அடியில் போனை வைத்து எடுக்கிறான், பாவி.

யார் எடுத்தது என்று சர்வர் அறை அக்காவின் திரையில் தெரியும். ஆனால் அக்கா கண்ணாடியோடு சேர்ந்து டீ குடிக்கிறார். அங்கே போய்க் கேட்பதும் ஒன்று, கண்ணாடியிடமே கேட்பதும் ஒன்று.

செட்டிங்கை எல்லாரும் திறக்கக்கூடிய பொதுப் பகுதியிலிருந்து, கடவுச்சொல் போட்ட தன் சொந்தப் பகுதிக்குள் தள்ளினான். அப்போதும் எண்ணிக்கை ஏறியது. அப்படியானால் என் கடவுச்சொல்லும் தெரிந்திருக்கிறது! புதன் காலை கடவுச்சொல்லை மனைவியின் பிறந்த நாளாக மாற்றினான். தேநீர் குடித்துவிட்டு வந்து மூன்று முறை தப்பாக அடித்தான். கணினி அவனை வெளியே தள்ளியது.

மனைவிக்குப் போன் போட்டான். “உன் பிறந்த நாள் என்னிக்கு?”

“கல்யாணமாகி ஏழு வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல. இன்னிக்கு யாரு கேக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. அவசரம்.”

“பக்கத்துல யாரு?”

“கண்ணாடி.”

“கண்ணாடி முன்னாடி நின்னு அலங்காரம் வேறயா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்.”

மாலையில்தான் உள்ளே நுழைய முடிந்தது. எண்ணிக்கை நூற்றுப் பதினெட்டு. பூட்டுக்கு ரத்தம் கொதித்தது. நாற்பது சரியான எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு செட்டிங்கைத் திறந்து, நாற்பதையும் கண்டபடி மாற்றி, அதே பெயரில் சேமித்தான்.

நூற்றுப் பத்தொன்பது. நூற்று இருபது.

“எடுடா, நல்லா எடு. வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னாடி நிப்பேல்ல!”

“என்னையா சொன்னீங்கண்ணே?” என்றான் கண்ணாடி.

“உன்னச் சொல்வேனா?” என்று சிரித்தான் பூட்டு. அந்த வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளி காலை தன் விடைகளைத் திறந்தான். முதல் நூற்றுப் பதினெட்டும் அச்சில் வார்த்தது போல இருந்தன. அடுத்ததில் அணுக்கள் ஒன்றையொன்று பார்க்கப் பிடிக்காதவை போல ஆளுக்கொரு மூலைக்குப் பறந்திருந்தன. அதற்கடுத்ததிலும் அப்படியே. கடைசி வரை அப்படியே.

சர்வர் அறைக்கு ஓடினான்.

“அக்கா! என் செட்டிங்கைத் திருடினவன் என் கணக்குலயும் கை வச்சுட்டான்! மரியாதையா ஆளைச் சொல்லுங்க. பத்து மணிக்கு இயக்குநர் வர்றார்.”

அக்கா டீயை ஓரமாக வைத்துவிட்டுப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

“மொத்தம் இருநூறு தடவை எடுத்திருக்கு தம்பி. நீங்க பேரை மாத்தினாலும் இடத்தை மாத்தினாலும் விடாம தேடி வந்து, தன் முறை வந்ததும் அதைப் படிச்சுட்டுப் போனது, வரிசையில நின்ன உங்க இருநூறு கணக்குங்கதான்.”