கோயிலண்ணன் என் புத்தகத்தைப் படித்தார்

ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்த கால் மணி நேரத்துக்குள், அதில் வரும் கதாநாயகனுக்குப் பெண் கொடுக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லிவிடக்கூடிய மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் காரைக்குடியில் கல்யாணத் தரகர். பெயர் என்னவோ இருக்கும். ஊருக்கு அவர் கோயிலண்ணன்.

எந்த வீட்டுக்கு வரன் சொல்லப் போனாலும் அவருடைய முதல் கேள்வி, "எந்தக் கோயில்?" எங்கள் சமூகத்தில் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆகவே கேள்வியில் தப்பில்லை. அதையே அவர் நாவல்களிடமும் கேட்பார் என்பதுதான் விசேஷம்.

போகிற வீட்டில் ஆட்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள், அலமாரியில் எது கைக்கு அகப்படுகிறதோ அதை எடுத்துப் பிரித்துவிடுவார். நடுப்பக்கமா, கடைசிப் பக்கமா என்ற பாகுபாடெல்லாம் இல்லை. பிடித்துவிட்டால் இரவல் வாங்கிப் போய் முழுக்கப் படிப்பார். பிடிக்காவிட்டாலும் அப்படித்தான்.

ஊரே உருகிய காதல் நாவல் ஒன்றைப் பற்றி என்னிடம் சொன்னார்: "கடைசி வரைக்கும் ரெண்டு பேருக்கும் எந்தக் கோயில்னு சொல்லல தம்பி. நாளைக்கே பங்காளின்னு தெரிஞ்சா எழுதுனவரா வந்து பதில் சொல்லுவாரு?"

துப்பறியும் கதைக்கு: "நம்ம தெருவுல பொண்ணு பாக்க வாரவுகளையே நாப்பது கண்ணு பாக்குது. கொலைகாரன் வந்து போனதை ஒருத்தரும் பாக்கலையாம். அது என்ன ஊரு?"

ஒரு மகாராஜாவின் தடிமனான வரலாறு: "அஞ்சு கல்யாணம் முடிச்சிருக்காரு. ஒண்ணுலயாச்சும் தரகர் பேரைப் போட்டிருக்காகளா பாருங்க!"

குழந்தைகளுக்கான விண்வெளிப் புத்தகத்தில் கருந்துளை வந்தது. உள்ளே போன எதுவும் திரும்பி வராது என்று படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தார். "அப்படி ரெண்டு சம்பந்தி வீடு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். புத்தகங்களைப் பற்றி நானும் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். "வாசிப்பில் ஒரு சிறு தொய்வு" என்பதற்குமேல் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இதில் பெரிய ஆச்சரியம், மாப்பிள்ளைகளைப் பற்றி அவர் உண்மையே சொல்லமாட்டார் என்பது. வழுக்கையை "நெத்தி விசாலம்" என்பார். வேலையில்லாதவர் "சொந்தத் தொழில் யோசனையில இருக்காக." என்னை அவர் ஒரு வீட்டில் வர்ணித்ததைக் கேட்டு, அந்தப் பையனைப் பார்க்க எனக்கே ஆசை வந்தது. ஆனால் புத்தகத்தைப் பற்றி மட்டும் அவர் வாயில் பொய் வராது.

இது தெரிந்தும் என்னைப் பெற்ற ஆத்தா ஒரு காரியம் செய்தார். எனக்கு முப்பத்தேழு முடிந்து, வந்த வரனெல்லாம் வந்த வழியே போய்க்கொண்டிருந்த நேரம். ஜாதகத்தோடு, நான் சொந்தச் செலவில் போட்ட சிறுகதைத் தொகுப்பையும் சேர்த்து அவரிடம் கொடுத்துவிட்டார். "எழுத்தாளருன்னு தெரியட்டுமே!"

ஒக்கூரில் உமையாள் என்று ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார் கோயிலண்ணன். போட்டோவில் அவள் சிரிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இது மட்டும் அமைந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

பெண் பார்க்கப் போனோம். பலகாரம் வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று உமையாளைப் பெற்ற அப்பச்சி, கோயிலண்ணனிடம் கேட்டார்: "மாப்பிள்ளை கதையெல்லாம் எழுதுவாகளாமே. நீங்க படிச்சீகளாண்ணே? எப்படி இருக்கு?"

நான் கோயிலண்ணனைப் பார்த்தேன். எத்தனையோ சொல்லியிருக்கீக, இன்னொன்று சொல்லுங்கண்ணே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"புத்தகம் நல்லால்லண்ணே."

ஆத்தா கையிலிருந்த சீப்புச் சீடை தட்டில் விழுந்தது.

"எல்லாக் கதையிலயும் ஒரு பொண்ணு உக்காந்து அழுகுது. பக்கத்துல ஒரு ஆம்பளை நிண்டுக்கிட்டு நிலாவப் பாக்குறாரு. பக்கம் பக்கமாப் பாக்குறாரு. ஒருத்தராச்சும் ஒரு செம்புத் தண்ணி கொண்டாந்து அந்தப் புள்ளைக்குக் குடுக்கணுமே? இல்லை! இந்தக் கதைக்குள்ள யாரு வீட்டுப் பிள்ளையையும் குடுக்க முடியாதுண்ணே."

எனக்குக் கோபம் காதுவரை வந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் மனம் தன்பாட்டுக்கு ஒவ்வொரு கதையாகப் புரட்டிப் பார்த்தது. தண்ணீர் இல்லை. ஒரு கதையில்கூட இல்லை.

"அண்ணன் சொல்றது சரிதான்" என்றேன். "எனக்கு அது தோணவே இல்லை. நிலா மேல இருந்த ஞாபகத்துல விட்டுட்டேன்."

உள்ளே வளவு முற்றத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. உமையாள் கதவோரம் வந்து நின்றாள். "சபையில வச்சு இம்புட்டுச் சொல்றாக, கோவம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா உண்மையாப் போச்சே!"

அவள் தன் அப்பச்சியைப் பார்த்துச் சம்மதம் என்று தலையசைத்தாள். அவ்வளவுதான், காரியம் முடிந்துவிட்டது. ஆத்தா மறுபடி சீடையைக் கையில் எடுத்தார்.

திரும்பும்போது காரில் கோயிலண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, என் குணம் அவுகளுக்குத் தெரியட்டும்னுதானே வேணும்னே அப்படிச் சொன்னீக?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இல்ல தம்பி. புத்தகம் நெசமாவே நல்லால்ல."

இப்போது நான் எதை எழுத உட்கார்ந்தாலும், எதிரே ஒரு நாற்காலியில் அவரை மனசுக்குள் உட்காரவைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். முகம் சுளிக்கிறார், கொட்டாவி விடுகிறார், எந்தக் கோயில் என்று கேட்கிறார். இதுவரை எழுந்து மட்டும் போகவில்லை.