அறை வேண்டாம்

இருபத்தேழு அறைகள் கொண்ட கோட்டையை மூன்று மணி நேரத்துக்குள் இடித்தாக வேண்டிய நிலைமை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது.

கோட்டை காகிதத்தில்தான் இருந்தது. கண் பரிசோதனை அட்டைகளின் பின்பக்கத்தில், பிரேமுக்குத் திருகு போடுகிற பொறுமையோடு ஒரு மாதமாக வரைந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு ஆபத்து. இப்போது கையில் இருந்த துண்டுச் சீட்டு இரண்டே சொல்லில் அத்தனைக்கும் வேட்டு வைத்துவிட்டது. 'அறை வேண்டாம்.'

விஷயம் இதுதான். சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தின் மாடியில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடுவார்கள். கடைக்காரர் கதையை நடத்துவார். மற்ற மூவரும் அதில் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். ஆடுகிறவர்களுக்கு வாரம் முழுக்கக் காத்திருந்து கிடைக்கிற மூன்று மணி நேரம்.

இதில் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு விபத்து நடந்துவிட்டது. கதை சூடு பிடிக்கட்டும் என்று கடைக்காரர் வீரனின் அப்பாவைச் சாகடித்தார். படுக்கை, கடைசி மூச்சு, கடைசி வார்த்தை என்று குரலைத் தழுதழுக்க வைத்து நடத்தினார். வீரனாக ஆடியவன் அவர் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய சொந்த அப்பா போய் அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பகடையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனவன், அதற்குப் பிறகு நூலகத்துக்கும் வரவில்லை, அக்கா வீட்டுக்கும் வரவில்லை.

செத்தது கடைக்காரருக்கும் மாமனார்தானே, அது எப்படி ஞாபகம் இல்லாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். மனைவியும் அதைத்தான் கேட்டாள். நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதை நடத்துகிற மும்முரத்தில் மறந்துவிட்டது என்பதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொன்னபோது விஷயம் இன்னும் மோசமானது.

மச்சினன் இல்லாத மேசை கடைக்காரருக்குப் பிடிக்கவே இல்லை. அவன் பகடையை உருட்டுவதற்கு முன் உள்ளங்கையில் ஊதுவதும், தோற்றால் பகடையோடு சண்டை போடுவதும் இல்லாமல் சனிக்கிழமை சப்பென்று போனது. கடைசியில் அவனைத் தேடிப் போய், கையைப் பிடித்து, தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். யாருக்கு எது கஷ்டமோ அதைக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஒரு ஏற்பாடு இருந்தால் வருகிறேன் என்றான் அவன்.

ஒன்றுக்கு இரண்டாகவே ஏற்பாடு செய்தார் கடைக்காரர். முதலாவது சீட்டு. கதையில் எது வேண்டாமோ அதை ஆளுக்கொரு சீட்டில் பெயர் போடாமல் எழுத வேண்டும். கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுத வேண்டும். நூலக மாடிப்படிக்குப் பக்கத்தில் தூசி படிந்த மரப்பெட்டி ஒன்று தொங்கியது, அதில் போட்டுவிட வேண்டும். பெட்டியின் மேல் ஏதோ எழுதி அழிந்திருந்தது. யாரும் பயன்படுத்தாத பெட்டி என்று கடைக்காரராகவே முடிவு செய்துகொண்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர் அந்த எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது, மேசை நடுவில் பெரிய எக்ஸ் குறி போட்ட ஒரு அட்டை. கதை போகிற போக்கு பிடிக்காவிட்டால் அதைத் தொட்டால் போதும். அந்த இடத்தில் கதையை மாற்றிவிட வேண்டும், ஏன் தொட்டாய் என்று யாரும் கேட்கவே கூடாது. குழுவில் இருந்த கணக்கு டீச்சர் அதற்குப் பெருக்கல் அட்டை என்று பேர் வைத்தார்.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது மூன்று சீட்டு இருந்தது. மூன்று பேர், மூன்று சீட்டு, கணக்கு சரி. 'ரத்தம் வேண்டாம், வாரம் முழுக்கப் பார்த்தாச்சு' என்பது குழுவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். 'எலி வேண்டாம், வெள்ளெலியும் எலிதான்' என்பது டீச்சரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? ஆக மிச்சம் இருந்த 'அறை வேண்டாம்' மச்சினனுடையது.

காரணம் கேட்கக் கூடாது என்பது அவனிடம்தான். அக்காவிடம் கேட்கலாமே என்று கடைக்காரர் மனைவிக்குப் போன் போட்டு, உன் தம்பி எப்போதாவது எங்கேயாவது உள்ளே மாட்டிக்கொண்டானா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். மறுபடியும் என்ன செய்து வைத்தீர்கள் என்று அவள் முதலில் ஒரு மூச்சு திட்டினாள். பிறகு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிஃப்டுக்குள் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டான் என்றாள்.

கடைக்காரருக்கு மனசே ஆறவில்லை. இத்தனை நாள் பழகியும் இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அழிரப்பரை எடுத்து இருபத்தேழு அறைகளையும் அழித்தார். ஆனால் உள்ளே இருந்த ஆபத்துகளை வீணாக்க மனசு வரவில்லை. எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து போட்டார்.

மத்தியானம் கதை ஆரம்பித்தது. வெட்டவெளி, நிலா இல்லாத ராத்திரி, தூரத்தில் ஒரு கூடாரம். மச்சினனின் வீரன் உள்ளே எட்டிப் பார்க்கிறான். வரைபடத்தைக் கையில் பிடித்தபடி ஒரு பிணம் கிடக்கிறது.

மச்சினன் பெருக்கல் அட்டையைத் தொட்டான்.

கடைக்காரருக்குத் திக்கென்றது. கூடாரம் என்பதும் துணியால் கட்டிய அறைதானே. இது தோன்றாமல் போயிற்றே. உடனே காற்றடித்துக் கூடாரம் பறந்துபோனதாகச் சொன்னார். பிணம் மட்டும் அங்கேயே கிடந்தது.

அடுத்து ஒரு குகையிலிருந்து எருமை அளவில் ஒரு சிலந்தி வெளியே வந்தது. மச்சினன் மறுபடியும் அட்டையைத் தொட்டான். ஆமாம், குகை கல்லால் ஆன அறை. கடைக்காரர் குகையைத் தூக்கிவிட்டார். போக்கிடம் இல்லாமல் போன சிலந்தி அவர்கள் கூடவே நடந்து வர ஆரம்பித்தது.

இதற்கு நடுவில் நூலக உதவியாளர் ஒட்டடைக்கோலோடு உள்ளே வந்து, இவர்கள் தலைக்கு மேலேயே மூலை மூலையாகத் தட்டினார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற மனிதர், வேலையில் கறார். மின்விசிறி கிரீச்சிடுகிறது, அதையும் கொஞ்சம் பாருங்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, "ஒரு நேரத்துல ஒரு புகார்தாங்க எடுப்பேன். கையில இருக்கறது முடியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் கடைக்காரரின் மனைவி சாப்பாட்டு மேசையில் பழைய கதை பேசிக்கொண்டிருந்தாள். அப்பா தம்பியை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அடித்தாராம், கன்னத்தில் ஒரு அறை. கடைக்காரர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அறை. அப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறதே. அவன் எழுதியது இதுவா, அதுவா? எதற்கு வம்பு என்று இரண்டையும் எடுத்துவிட முடிவு செய்தார்.

இரண்டாவது சனிக்கிழமை கதையில் சண்டையே இல்லை. வழிமறித்த கொள்ளைக்காரர்கள் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, தங்கள் மனக்குறையைச் சொன்னார்கள். சிலந்தி தலையாட்டிக் கேட்டது. பிணத்தைப் புதைத்துவிட்டுப் போகலாம் என்று நர்ஸ் கேட்டபோது கடைக்காரர் யோசித்தார். குழிக்கும் நாலு பக்கம் சுவர் இருக்கிறது. தரை பாறையாக இருக்கிறது, தோண்ட முடியாது என்றார். அப்படியானால் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இருப்பவர்களில் பலசாலி மச்சினனின் வீரன். இருட்டில் அவன்தான் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், சிலந்தி பின்னாலேயே வந்தது.

மச்சினன் அன்றைக்கு மூன்று தடவை அட்டையைத் தொட்டான். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் வழியில் இருந்த எதையாவது எடுத்தார். கிணறு போயிற்று, பெட்டி போயிற்று, கடைசியில் ஒரு மரப்பொந்து போயிற்று. அதற்குள் உதவியாளர் ஏணியோடு வந்து பல்பை மாற்றியதில், எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை மச்சினன் பகடையில் ஊதக்கூட இல்லை. உதவியாளர் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். மாடியில் இருந்த அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே தலையை விட்டு, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு மூடினார்.

"விடிய இன்னும் நேரம் இருக்கு" என்று கடைக்காரர் கதையைத் தொடர்ந்தார். "தோள்ல இருந்த பிணம் லேசா நழுவுது."

மச்சினன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

"நான் கிளம்பறேன் மாமா. இனிமே வரல."

 போன தடவை கடைக்காரர் அவனைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அந்த வருத்தம் நாலு மாதம் அவரைத் தின்றது. இந்தத் தடவை விதியாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்துவிட்டார்.

"மாப்ள, நான் வேற என்னதான்டா செய்யணும்? உனக்காகத்தானே அத்தனை அறையையும் இடிச்சேன்? கூடாரத்தைக்கூட விடல."

"எந்த அறை?"

"நீ எழுதினியே, அறை வேண்டாம்னு."

"நான் எதுக்கு மாமா அப்படி எழுதறேன்? நான் எழுதின ஒண்ணையாவது நீங்க கேட்டீங்களா? எது வேண்டாம்னேனோ அதையே என் தோள்ல ஏத்தி ரெண்டு வாரமா நடக்க விட்டீங்க. வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சேன்."

அவன் குரல் உடைந்தது. காரணம் கேட்கக் கூடாது என்ற விதியைச் சொல்ல வாயெடுத்த டீச்சர் அப்படியே மூடிக்கொண்டார். அப்படியானால் 'அறை வேண்டாம்' என்று எழுதியது யார் என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

"அது செஸ் கிளப்காரங்க" என்றது அலமாரிக்குள்ளிருந்து ஒரு குரல். உதவியாளர் தலையை வெளியே எடுத்தார். "இனிமே சனிக்கிழமை காலையில இந்த இடம் தேவையில்லைன்னு சொல்ல, 'அறை வேண்டாம்'னு மட்டும் எழுதி புகார்ப் பெட்டியில போட்டாங்களாம். நேத்துதான் போன்ல சொன்னாங்க. அந்தச் சீட்டு உங்ககிட்டயா இருக்கு?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப நான் போட்ட சீட்டு?" என்றான் மச்சினன்.

உதவியாளர் சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். எழுத்து இடது கையால் கிறுக்கியது.

"இது உங்களதா தம்பி? சிலந்தியை அடிச்சாச்சு, இருட்டுக்குப் பல்பு போட்டாச்சு. மூணாவதா எழுதியிருக்கீங்களே, அந்தப் பிணம், அது எந்த அலமாரியில இருக்குன்னு மட்டும் காட்டிடுங்க, நான் அடுத்த புகாருக்குப் போகணும்."