மொட்டைக்குன்றில் ஒரு கஞ்சிப் பானை

கொக்குநாட்டுக்கும் நாரைநாட்டுக்கும் நடுவே மொட்டைக்குன்று என்று ஒன்று இருந்தது. அதில் புல்லும் முளைக்காது, கழுதையும் ஏறாது. ஆகவே அதுதான் தங்கள் நாட்டின் மானம் என்று இரண்டு அரசர்களும் அறிவித்து, ஒன்பது வருடமாகப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். இருவருமே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எதிர்த்து நிற்க விண்ணப்பித்தவர்களை எல்லாம் குன்றுக்குக் காவல் அனுப்பிவிட்டதால், வெற்றி அமோகமாக இருந்தது.

போர் தொடங்கிய வாரமே கொக்குநாட்டில் முதல் ஆணை வந்தது. உப்பு நாரைநாட்டுக் கடற்கரையில் விளைகிறது. எனவே இனி யாரும் உப்புச் சேர்க்கக் கூடாது. எதிரியின் உப்பு நாக்கில் பட்டால் தேசபக்தி கரைந்துவிடும் என்று அரண்மனை வைத்தியர் சான்றிதழும் கொடுத்தார். மக்களுக்குத் தலை சுற்றியது. மாடுகள் சுவரை நக்கின. உடனே இரண்டாவது ஆணை வந்தது: தலை சுற்றுகிறது என்பவர் எதிரியின் கைக்கூலி. நாரைநாட்டு அரசரும் சளைத்தவர் இல்லை. அரிசி கொக்குநாட்டு வயலில் விளைவது என்று கண்டுபிடித்து அதைத் தடை செய்து, தன் மக்களைக் கிழங்கு தின்ன விட்டார்.

பிச்சாண்டி கொக்குநாட்டுப் பாசறையின் சமையல்காரன். அவன் காய்ச்சும் உப்பில்லாக் கஞ்சியை முந்நூறு பேரும் மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். குண்டு பாய்ந்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான பண்டிகை ஒன்று உண்டு, புதுக்கஞ்சித் திருநாள். சென்ற ஆண்டு அந்நாளில் பீரங்கிச் சத்தம் கேட்டுக் கொக்குநாட்டு அரசர் திடுக்கிட்டதில், பாயசம் பட்டுவேட்டியில் கொட்டிவிட்டது. அதனால் இந்த ஆண்டு இரண்டு பக்கமும் ஒரு நாள் போர்நிறுத்தம். கூடவே போர் அமைச்சர் சூரசிங்கனாரின் விளக்கக் குறிப்பும் வந்தது: “நிறுத்தப்படுவது போர் மட்டுமே. பகை வழக்கம்போல் நடைபெறும். வீரர்கள் எதிரியை முறைத்தபடியே கஞ்சி அருந்த வேண்டும்.”

முறைப்பதில் சிரமம் இல்லை. சிரமம் வழக்கத்தில் இருந்தது. புதுக்கஞ்சியின் முதல் அகப்பையை, நம் அடுப்பில் சாப்பிடாத ஒருவருக்குக் கொடுத்த பிறகுதான் நாம் வாய் வைக்கலாம். பாசறையில் தளவாய் உட்பட எல்லோரும் பிச்சாண்டியின் அடுப்பில்தான் சாப்பிட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு அடுப்புக்காரர்கள் என்றால், குன்றுக்கு அந்தப் பக்கம் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் மட்டுமே.

வேறு வழியில்லாமல் பிச்சாண்டி பானையைத் தூக்கிக்கொண்டு குன்றில் ஏறினான். எதிர்ச் சரிவிலிருந்து இன்னொருவன் கிழங்குச் சட்டியோடு வந்தான். அவன் நாரைநாட்டுச் சமையல்காரன் மாடக்கண்ணு.

“சுட்டுப்புடாதப்பா. முதல் அகப்பை குடுக்கத்தான் வந்தேன்” என்றான் பிச்சாண்டி.

“நானும் அதுக்குத்தாண்ணே வாரேன். அங்க எல்லாவனும் பட்டினியா உக்காந்திருக்கான்.”

மாடக்கண்ணு கஞ்சியை வாங்கி ஆசையாகக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “என்னண்ணே, உப்பே இல்லையே.”

“உப்பைப் பாத்து ஒம்பது வருசம் ஆச்சுப்பா.”

மாடக்கண்ணு மடியை அவிழ்த்து, ஒரு பிடி கல்லுப்பை எடுத்துப் பானையில் போட்டுக் கலக்கினான். பிச்சாண்டி ஒரு வாய் குடித்தான். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. சற்று நேரத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் குன்றின் மேல் இருந்தார்கள். அரிசியைக் கண்டு அவர்கள் அழுதார்கள், உப்பைக் கண்டு இவர்கள் அழுதார்கள். முறைக்க யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலை சூரசிங்கனார் பல்லக்கில் வந்து இறங்கினார். எதிரிக்கு அன்னமிட்ட குற்றத்துக்குத் தண்டனை மரணம். கூடாரத்தில் முந்நூறு பேர் பார்க்க, பிச்சாண்டி தலைகுனிந்து நின்றான். சாட்சியமாக மீதிக் கஞ்சி கொண்டுவரப்பட்டது.

“சாட்சியத்தை யாமே பரிசீலிப்போம்” என்று அமைச்சர் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு பழக்கதோஷத்தில், “உப்பு சற்றுக் குறைவு” என்றார்.

முந்நூறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிச்சாண்டி தலையை நிமிர்த்தினான். சாகப்போகிறவனுக்கு இனி என்ன பயம்?

“அய்யா, ஒம்பது வருசம் உப்பு படாத நாக்குல உப்பு பட்டா கண்ணுல தண்ணி வரும். இங்க இருக்கிற எல்லாருக்கும் வந்துச்சு. உங்களுக்கு வரலையே.”

அமைச்சர் அசரவில்லை. “அரசப் பிரதிநிதியின் கண்களை உற்றுநோக்குவது இந்தக் கணம் முதல் தேசத்துரோகம். இவனை உடனே சுடுக” என்று ஆணையிட்டுவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

எட்டு வீரர்கள் பிச்சாண்டியைக் குன்றின் மேல் நிறுத்தினார்கள். எட்டுத் துப்பாக்கிகளும் வெடித்தன. வானத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு காக்கை மட்டும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனது. தளவாய் அகப்பையை வழித்து நக்கியபடி, “காற்று பலம். குறி தவறியது. கைதி மறுபக்கம் உருண்டுவிட்டான்” என்று அறிக்கை எழுதினார். மறுபக்கத்தில் மாடக்கண்ணுவுக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது.

அதன்பின் குன்று வழியாகக் கொஞ்சம் உப்பு இங்கே வந்தது, கொஞ்சம் அரிசி அங்கே போனது. உப்போடு பிச்சாண்டி கேட்ட கேள்வியும் ஊர் ஊராக வந்து சேர்ந்தது. தேர்தல் காலத்தில் பெரிய மனிதர்கள் ஓட்டுக் கேட்டு வந்தால், ஜனங்கள் மாலை போடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை. உப்புப் போட்ட கஞ்சி ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சூரசிங்கனார் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் தேம்பித் தேம்பி அழுகிறார். சென்ற வாரம் புதிய ஆணை ஒன்று வந்திருக்கிறது: வெங்காயம் இனி அரசுப் பயன்பாட்டுக்கு மட்டும்.